‘கேஸ் கம்பெனியிலிருந்து வர்றோம்மா’: கிரில் கதவைத் திறப்பதற்கு முன்

மதுரை திருநகரில் என் அத்தை தனியாக இருக்கிறார். மாமா போய் ஆறு வருடமாகிறது. மகன் பெங்களூரில், மகள் கத்தாரில். வாசலில் கிரில் கதவு, அதைத் தாண்டிச் சின்ன வராண்டா, வலது பக்கச் சுவரில் கரண்ட் மீட்டர். ஒரு சித்திரை மாதத்து வெயிலில், பதினொன்றரை மணி போல, இரண்டு பேர் வந்து கதவைத் தட்டியிருக்கிறார்கள். நீலச் சட்டை, கழுத்தில் அட்டை, தோளில் பை. "கேஸ் கம்பெனியிலிருந்து வர்றோம்மா. அஞ்சு வருசச் செக்கிங். உங்க தெரு இன்னைக்கு முடியணும்." அத்தை கதவைத் திறந்தார். வெயிலில் வந்த பிள்ளைகள் என்று ஆளுக்கொரு டம்ளர் மோரும் கொடுத்தார்.

ஒருவர் அடுப்படியில் உட்கார்ந்து டியூப் மேல் சோப்பு நுரையைத் தடவிக் காட்டினார். "பாருங்க, குமிழி வருது. இப்படியே விட்டா ராத்திரி வெடிச்சிரும்." மற்றவர் கேஸ் புத்தகத்தைக் கேட்டார். அத்தை படுக்கையறைக்குப் போய் பீரோவைத் திறந்து எடுத்துக்கொண்டு வந்தார். புது டியூப், ரெகுலேட்டர் சர்வீஸ், சிலிண்டர் வாயில் மாட்ட ஒரு பித்தளைச் சாமான் எல்லாம் சேர்த்து 2,850 ரூபாய். முகவரி இல்லாத ஒரு ரசீது. சாயங்காலம் விளக்கேற்றப் போகும்போதுதான், பீரோவில் சேலைக்கு அடியில் வைத்திருந்த பணக் கவர் இல்லை என்று தெரிந்தது.

இதை அவர் எங்கள் யாரிடமும் இரண்டு வாரம் சொல்லவில்லை. நான் போயிருந்தபோது அடுப்புக்குக் கீழே இருந்த பச்சை ரப்பர் குழாயைப் பார்த்துவிட்டு, இதை யார் மாட்டியது என்று கேட்டதில்தான் விஷயம் வெளியே வந்தது. "மோர் வேற குடுத்தேன்ப்பா" என்று சொல்லும்போது அவர் குரல் உடைந்துவிட்டது. போன பணத்தைவிட அதுதான் அவரை அதிகம் வருத்தியது. இந்தக் கட்டுரையை எழுத வைத்ததும் அந்த ஒரு வரிதான்.

யாராவது ஏமாந்தால் ‘அடையாள அட்டையைக் கேட்டிருக்கலாமே’ என்று எல்லோரும் சொல்கிறோம். அட்டையைக் கேட்பதில் தப்பில்லை. ஆனால் உண்மையான அட்டை எப்படி இருக்கும் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? மின்வாரியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1957-இல் தொடங்கியபோது தமிழ்நாடு மின்சார வாரியம். 2010-இல் அது பிரிந்து, வீட்டுக்கு மின்சாரம் தருகிற பகுதி டான்ஜெட்கோ ஆனது. 2024-இல் மறுபடி பிரித்ததில் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் ஆனது. நமக்கு எப்போதும் அது ‘ஈபி’தான். அட்டையில் இவற்றில் எந்தப் பெயர் இருந்தாலும் தலையாட்டிவிடுவோம். ஜெராக்ஸ் கடையில் அட்டை அடிக்க அரை மணி நேரம் போதும், கயிறும் அங்கேயே கிடைக்கும். அதனால் அட்டையை நம்பிக் கதவைத் திறப்பது, சட்டையின் நிறத்தை நம்பித் திறப்பதைப் போலத்தான்.

போலியைக் கண்டுபிடிக்க நல்ல வழி, உண்மையானவர் எப்படி வேலை செய்வார் என்று தெரிந்து வைத்திருப்பது. யார் எதற்கு வருவார், எத்தனை நாளைக்கு ஒருமுறை வருவார், வீட்டுக்குள் எதுவரை வர வேண்டியிருக்கும், பணம் எங்கே கட்ட வேண்டும், இவ்வளவுதான். இது தெரிந்த வீட்டில் மோசடிக்காரர் சொல்லும் கதை முதல் இரண்டு வாக்கியத்திலேயே இடறும்.

எந்த அரசு ஆள் வந்தாலும் கதவைத் திறக்காதே என்று முதியவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதும் சரியில்லை. நம் ஊரில் நிஜமாகவே வீடு தேடி வருகிற பணியாளர்கள் நிறைய. கொசுப்புழு இருக்கிறதா என்று தொட்டியைத் திறந்து பார்த்து அபேட் மருந்து ஊற்றும் பெண்கள் வருகிறார்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வந்து தருகிறார்கள். வாக்காளர் பட்டியலுக்கு வாக்குச்சாவடி நிலை அலுவலர் வருகிறார். இவர்களையெல்லாம் விரட்டிவிட்டால் நட்டம் நமக்குத்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இவர்கள் பெரும்பாலும் அதே பகுதியில் திரும்பத் திரும்ப வருகிறவர்கள். தெருவில் நாலு பேருக்கு இவர்கள் முகம் தெரியும். தவிர இவர்களில் ஒருவரும் உங்களிடம் பணமோ, ஓடிபி எண்ணோ, பீரோ சாவியோ கேட்பதில்லை.

சரி, முதலில் கரண்ட். வீட்டு மீட்டரைக் கணக்கெடுக்க இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆள் வருவார். பெரும்பாலான வீடுகளில் மீட்டர் வாசலிலோ மாடிப்படிக்குக் கீழேயோ இருப்பதால் அவர் வீட்டுக்குள் வர வேண்டிய தேவையே இல்லை. அளவைக் குறித்துக்கொண்டு போய்விடுவார், தொகை உங்கள் செல்போனுக்குக் குறுஞ்செய்தியாக வரும். அவர் பணம் வாங்குகிறவர் அல்ல. கட்ட வேண்டியதை ஈபி ஆபீஸ் கவுண்டரிலோ இணையத்திலோதான் கட்டுகிறோம். கெடு தாண்டினால் பியூஸ் கேரியரைக் கழற்ற ஆள் வருவது உண்மைதான். ஆனால் அந்த ஆளின் கையில் பணத்தைக் கொடுத்து இணைப்பைக் காப்பாற்ற வழியில்லை. அதற்கும் முறையாகக் கட்டி ரசீது வாங்க வேண்டும்.

மீட்டர் மாற்ற வந்திருக்கிறோம், ஸ்மார்ட் மீட்டர் வருகிறது, முன்பணம் கட்டினால் உங்களுக்கு முதலில் வைத்துத் தருகிறோம் என்று ஒரு கதை உண்டு. ஸ்மார்ட் மீட்டர் பற்றிய செய்தி அடிக்கடி காதில் விழுவதால் இது நம்பும்படி இருக்கிறது. மோசடிக்காரர்கள் எப்போதும் நிஜச் செய்தியின் முதுகில்தான் ஏறி வருவார்கள். 2022 கடைசியில் மின் இணைப்போடு ஆதாரை இணைக்கச் சொன்னபோதும் இதுதான் நடந்தது. ‘இன்று இரவு மின்சாரம் துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணை அழையுங்கள்’ என்று வந்த குறுஞ்செய்திகள் பலருக்கு நினைவிருக்கும். அங்கே போனில் காட்டிய அவசரத்தையும் பயத்தையும்தான் இங்கே வாசலில் நேரில் காட்டுகிறார்கள்.

அவர்கள் சொல்லும் மிரட்டலை நேர்மையாக எடுத்துப் பார்ப்போம். "உங்க மீட்டர்ல திருட்டு கரண்ட் ஓடுது. இப்ப ஒத்துக்கிட்டுக் கட்டினா ஐயாயிரம், ஆபீஸ் போனா கேஸ் ஆகும்." ஆபீஸ், கேஸ், அபராதம் என்ற சொற்களைக் கேட்டாலே நம் வீட்டுப் பெரியவர்களுக்குக் கை நடுங்கும். ஆனால் மின்சாரச் சட்டம், 2003-ஐப் பார்த்தால், சட்டம் அதிகாரிக்கு எவ்வளவு நீளமான பாதையைப் போட்டு வைத்திருக்கிறது என்று தெரியும். பிரிவு 163-இன்படி அதிகாரம் பெற்ற ஊழியர் நியாயமான நேரத்தில், குடியிருப்பவரிடம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வர முடியும். நீங்கள் அனுமதிக்க மறுத்தால்கூட உடனே எதுவும் நடக்காது. எழுத்துப்பூர்வமாக அறிவிப்புத் தந்து, 24 மணி நேரம் கடந்த பிறகுதான் இணைப்பைத் துண்டிக்கலாம். பாக்கிப் பணத்துக்காக என்றால் பிரிவு 56 இருக்கிறது. அதன்படி எழுத்தில் 15 முழு நாள் அறிவிப்பு தர வேண்டும்.

மின் திருட்டுச் சோதனை பற்றிய பிரிவு 135 இன்னும் கறாரானது. குடியிருப்பவரோ அவர் சார்பில் ஒருவரோ சோதனை முடியும்வரை கூடவே இருக்க வேண்டும். எடுத்துச் செல்லும் பொருள் ஒவ்வொன்றுக்கும் பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்கி, ஒரு பிரதியைத் தர வேண்டும். சூரியன் மறைந்ததிலிருந்து உதிக்கும்வரை, அந்த வீட்டில் குடியிருக்கும் வயது வந்த ஆண் உடன் இல்லாமல் குடியிருப்பு வீட்டில் சோதனையே போடக் கூடாது. கண்டிப்பான அதிகாரிக்கே இத்தனை காகிதமும் இத்தனை நேரமும் தேவைப்படுகிறது. ‘இப்பவே, இங்கேயே, கையிலேயே’ என்று ஒருவர் சொன்னால், அவர் சட்டத்தின் பக்கம் இருப்பவர் இல்லை என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டிவிடலாம்.

அவர் அரசு ஊழியராக நடித்ததே தனிக் குற்றம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 204, அப்படி நடித்து அந்தப் போர்வையில் எதையாவது செய்தால் 6 மாதத்துக்குக் குறையாமல் 3 ஆண்டு வரை சிறை என்கிறது. ஆள்மாறாட்ட மோசடிக்குப் பிரிவு 319 தனியாக இருக்கிறது.

கேஸ் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வீட்டுக்குள், அதுவும் அடுப்படிவரை வர நியாயமான காரணம் உள்ளது போலத் தோன்றுவது இதில்தான். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயப் பாதுகாப்புச் சோதனை என்பது கற்பனை அல்ல, எண்ணெய் நிறுவனங்கள் நிஜமாகவே வைத்திருக்கும் விதி. ஆனால் அதை நடத்துவது உங்களுக்கு சிலிண்டர் தருகிற அதே ஏஜென்சியின் மெக்கானிக். ஏஜென்சிக்கு ஒரு போன் போட்டால் ஆள் அனுப்பினார்களா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள். சோதனைக்கு வந்தவரிடம் டியூபோ அடுப்போ வேறு சாமானோ வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் கிடையாது. சிலிண்டர் வாயில் மாட்டுகிற ‘சேஃப்டி’ சாமான்கள் பக்கம் போகவே வேண்டாம். ரெகுலேட்டர் நிறுவனத்தின் சொத்து, அதில் பழுது என்றால் ஏஜென்சியில் கொடுத்து மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

அந்தச் சோப்பு நுரை வித்தை எப்படி வேலை செய்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சோப்புத் தண்ணீரைக் கலக்கித் தடவினாலே அதில் குமிழி இருக்கும், அது கசிவு அல்ல. கேஸ் கசிந்தால் ஒரே இடத்தில் குமிழி கிளம்பி, பெரிதாகி, உடைந்து, மறுபடி அதே இடத்தில் கிளம்பும். நுரை இல்லாத நீர்த்த சோப்புத் தண்ணீரைத் தொட்டு வைத்து ஒரு நிமிடம் சும்மா பார்த்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியும். டியூப் என்றால் நிறுவனங்கள் பரிந்துரைப்பது உள்ளே கம்பிப் பின்னல் கொண்ட ஆரஞ்சு நிறச் சுரக்‌ஷா குழாய். அதன் ஆயுள் ஐந்து ஆண்டு. அத்தை வீட்டில் ஏற்கெனவே அந்தக் குழாய்தான் இருந்தது. நல்லதைக் கழற்றிக்கொண்டு போய், சாதா ரப்பர் குழாயை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். திருட்டோடு நில்லாமல் வீட்டில் ஆபத்தையும் வைத்துவிட்டுப் போனார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

இன்னொரு வித்தை சிலிண்டர் தேதி. சிலிண்டரின் கழுத்துப் பக்கத் தகட்டில் ‘பி 27’ என்பது போல ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்கமும் இருக்கும். அது கேஸ் காலாவதியாகும் தேதி அல்ல, சிலிண்டரை அடுத்துப் பரிசோதிக்க வேண்டிய காலாண்டு. ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன், சி ஜூலை முதல் செப்டம்பர், டி கடைசி மூன்று மாதம். எண் என்பது ஆண்டு. இதைக் காட்டி ‘தேதி முடிந்துவிட்டது, அபராதம் கட்டுங்கள்’ என்று ஒருவர் சொன்னால் சிரித்துவிட்டு அனுப்பலாம். தேதி நிஜமாகவே தாண்டியிருந்தால் சிலிண்டரை மாற்றித் தர வேண்டியது ஏஜென்சியின் பொறுப்பு. வீட்டில் நிஜமாகவே கேஸ் வாடை அடித்தால் 1906 என்ற எண் இரவு பகல் எந்நேரமும் இயங்கும். அதைச் சிலிண்டர் பக்கத்துச் சுவரிலேயே எழுதி வையுங்கள்.

இந்த இடத்தில் ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்ல வேண்டும். வாசலில் கையில் பணம் கேட்பது நமக்கு ஏன் விநோதமாகப் படுவதில்லை? நாம் கொடுத்துக் கொடுத்துப் பழகிவிட்டோம். சிலிண்டர் கொண்டு வருபவருக்கு பில்லுக்கு மேல் ஐம்பது, லைனைச் சரி செய்தவருக்கு டீ காசு, தீபாவளிக்கு எல்லோருக்கும் இனாம். வெயிலில் உழைக்கிற மனிதருக்கு மனமுவந்து கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வேலைக்கான கட்டணமே கைக்குக் கை கொடுக்கப்படுவதுதான் என்று வீட்டில் எல்லோர் மனதிலும் பதிந்துவிட்டால், மோசடிக்காரர் கேட்கும் தொகை கொஞ்சம் பெரிய டீ காசாகத்தான் தெரியும். சிலிண்டரை வீடுவரை கொண்டு வரும் கூலி பில்லிலேயே அடங்கியிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

தண்ணீர் மோசடி மதுரையில் எடுபடுவதற்குக் காரணம் நம் தண்ணீர்தான். மாநகராட்சிக் குழாய் வருகிற நாளுக்குக் காத்திருந்து, மிச்ச நாளில் உப்புக் கரிக்கிற போர் தண்ணீரோடு மல்லுக்கட்டுகிற ஊர் இது. முல்லைப் பெரியாறு குடிநீர்த் திட்டத்தில் லோயர் கேம்ப்பிலிருந்து நாளொன்றுக்கு 12.5 கோடி லிட்டர் கொண்டு வரத் தெருத்தெருவாகத் தோண்டிக் குழாய் பதித்ததைப் பார்த்திருக்கிறோம். அதனால் ‘புதுக் குழாய்க் கனெக்சன் செக் பண்ண வந்திருக்கோம்’ என்று ஒருவர் சொன்னால் சந்தேகம் வராது. ‘மாநகராட்சியிலிருந்து தண்ணீர் டெஸ்ட்’ என்று வந்தால் இன்னும் சந்தோஷமாகக் கதவைத் திறப்போம்.

அந்த டெஸ்ட் பெரும்பாலும் இப்படி நடக்கும். ஒரு டம்ளரில் உங்கள் வீட்டுத் தண்ணீர், இன்னொன்றில் அவர் கொண்டு வந்த ஆர்ஓ தண்ணீர். இரண்டிலும் கம்பிகள் உள்ள ஒரு கருவியை வைத்து பிளக்கில் செருகுவார். ஒரு நிமிடத்தில் உங்கள் தண்ணீர் கலங்கி, துரு நிறமாகி, சாக்கடை போல மிதக்கும். அவர் தண்ணீர் தெளிவாகவே நிற்கும். "இதைத்தான் இத்தனை நாள் குடிச்சிருக்கீங்க." பார்த்த எவருக்கும் வயிற்றைப் பிசையும். உண்மையில் கலங்கியது உங்கள் தண்ணீரில் இருந்த அழுக்கு அல்ல. தண்ணீரில் கரைந்துள்ள உப்புகள் மின்சாரத்தைக் கடத்தும், மின்சாரம் பாயும்போது கருவியின் இரும்புக் கம்பியே கரைந்து துருவாக இறங்குகிறது. ஆர்ஓ தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, மின்சாரம் அவ்வளவாகப் பாயாது, கம்பியும் கரையாது. நம்பிக்கை இல்லையென்றால் அவருடைய தெளிந்த டம்ளரில் ஒரு சிட்டிகை கல்லுப்பைப் போட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள். அதுவும் சாக்கடையாகும். பெரும்பாலும் அதற்கு முன்னாலேயே அவர் பையைக் கட்ட ஆரம்பித்துவிடுவார்.

பேனா போன்ற டிடிஎஸ் மீட்டரைக் காட்டி 600 என்று பயமுறுத்துவதும் இதே வகை. இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 10500, குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பது விரும்பத்தக்கது என்றும், வேறு நீர் ஆதாரம் இல்லாதபோது 2,000 வரை அனுமதிக்கலாம் என்றும் சொல்கிறது. அந்த மீட்டருக்குக் கிருமி தெரியாது, உப்பு மட்டும்தான் தெரியும். மாநகராட்சி ஊழியர் நிஜமாகவே சோதிக்க வந்தால் பார்ப்பது குளோரினை. ஒரு சின்னக் குப்பியில் குழாய்த் தண்ணீர் பிடித்து மருந்துச் சொட்டு விட்டுப் பார்ப்பார். மஞ்சள் நிறம் வந்தால் நல்ல செய்தி. குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது கணக்கு. பார்த்துவிட்டு அவர் போய்விடுவார், எதையும் விற்க மாட்டார்.

இதுவரை சொன்னவை பொய் சொல்லிப் பணம் பறிப்பவை. அத்தை வீட்டில் நடந்ததில் இரண்டாவது பாதி, காவல்துறை ‘கவனத்தைத் திசைதிருப்பித் திருடுவது’ என்று சொல்கிற வகை. இதில் எப்போதும் இரண்டு பேர் அல்லது மூன்று பேர் வருவார்கள். வேலை என்ற பெயரில் அவர்கள் செய்வதெல்லாம் வீட்டுக்காரரை ஓரிடத்திலும் வீட்டுச் சாமானை இன்னோரிடத்திலும் ஆக்குவது. "மெயினை ஆஃப் பண்றோம், உள்ளே போய் எந்த லைட் எரியுதுன்னு சொல்லுங்க." "எல்லாக் குழாயையும் திறந்து விடுங்க." "மாடித் தொட்டியில தண்ணி விழுதான்னு பார்த்துட்டு வாங்க." "ஒரு செம்பு தண்ணி குடுங்கம்மா." ஒவ்வொன்றும் உங்களை ஓர் அறைக்கு அனுப்புகிறது, இன்னோர் அறையைக் காலியாக்குகிறது. குழாய்ச் சத்தத்தில் காலடி கேட்காது. கரண்ட் இல்லாத அறையில் முகம் சரியாகத் தெரியாது. நேரமும் தேர்ந்தெடுத்ததுதான். வேலைக்குப் போகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் போன பிறகு, பத்தரையிலிருந்து மூன்று மணிக்குள். சித்திரைத் திருவிழாவில் ஊரே ஆற்றுப் பக்கம் போயிருக்கும் நாட்களில் இன்னும் வசதி.

நகை பாலிஷ் என்று வருகிறவர்களும் இதற்கு உறவுதான். முதலில் பித்தளை விளக்கைப் பளபளவென்று தேய்த்துக் காட்டுவார்கள், அடுத்து வெள்ளிக் கொலுசு, அப்புறம் தாலிக்கொடி. அந்தத் திரவம் பலசமயம் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் நைட்ரிக் அமிலமும் மூன்றுக்கு ஒன்று என்ற அளவில் கலந்த இராஜ திராவகம். தங்கத்தைக் கரைக்கும் மிகச் சில திரவங்களில் அது ஒன்று. உங்கள் கண் முன்னாலேயே பவுன் அவர்கள் கிண்ணத்துக்குள் கரைந்து இறங்கும். தாலிக்கொடி வடிவம் மாறாமல் இருக்கும், எடை மட்டும் குறைந்திருக்கும்.

வாசலில் என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். கிரில் கதவுக்குப் பூட்டு இருந்தால் பகலிலும் போட்டு வையுங்கள். பேச்சு முழுவதும் கம்பிக்கு இந்தப் பக்கமிருந்தே நடக்கட்டும். வந்தவர் தருகிற எண்ணுக்குப் போன் போடாதீர்கள், அந்தப் பக்கம் எடுப்பது அவருடைய கூட்டாளியாகவே இருக்கலாம். உங்களிடம் ஏற்கெனவே இருக்கிற எண்ணுக்குப் போடுங்கள். மின்சாரம் என்றால் 94987 94987. 2021-இல் தொடங்கிய மின்னகம் என்ற மின்வாரியப் புகார் மையம் அது, எந்த நேரமும் எடுப்பார்கள். கேஸ் என்றால் ஏஜென்சி. தண்ணீர் என்றால் மாநகராட்சி வார்டு அலுவலகம், அல்லது உங்கள் தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவர். அவரைவிட உங்கள் தெருக் குழாயைத் தெரிந்தவர் யார்? இன்னொரு சின்ன விஷயம். மீட்டர் பெட்டியில் செருகி வைத்திருக்கும் வெள்ளை அட்டையை வீட்டுக்குள் எடுத்து வையுங்கள். அதில் உங்கள் பெயரும் மின் இணைப்பு எண்ணும் இருக்கின்றன. முதல் வாக்கியத்திலேயே பெயர் சொல்லிக் கூப்பிடுகிற அந்நியர் அதைப் பெரும்பாலும் அங்கிருந்துதான் படித்திருப்பார்.

பெரியவர்களுக்கு இதில் கஷ்டமான பகுதி நிறுத்தி வைத்துப் பேசுவதுதான். வந்தவரை வாசலில் நிற்க வைப்பது மரியாதை இல்லை என்று வளர்ந்தவர்கள் அவர்கள். ‘அவசரப்படாதீங்க, யோசிங்க’ என்று அறிவுரை சொன்னால் போதாது. வாயில் சட்டென்று வருகிற ஒரு வாக்கியத்தைக் கொடுக்க வேண்டும். அத்தைக்கு நாங்கள் கொடுத்த வாக்கியம் இதுதான்: "மகன் வந்ததும் சொல்றேன், நாளைக்கு வாங்க தம்பி." மறுப்பும் இல்லை, சண்டையும் இல்லை. உண்மையான ஊழியர் என்றால் நாளைக்கு வருவார். பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் பேசி வைத்தோம். அத்தை வீட்டு வாசலில் யாராவது பையோடு நின்றால் எதிர்வீட்டு அக்கா வெளியே வந்து "என்ன பெரியம்மா?" என்று குரல் கொடுப்பார். அவ்வளவே. மோசடிக்காரருக்கு இன்னொரு ஜோடிக் கண்ணைப்போல வேண்டாத பொருள் எதுவுமில்லை.

ஒருவேளை நடந்துவிட்டால், பீரோவையும் அவர்கள் தொட்ட சாமானையும் தொடாமல் விட்டுவிட்டு 100 அல்லது 112-க்கு அழையுங்கள். யுபிஐ வழியாகவோ, அவர்கள் அனுப்பிய செயலி வழியாகவோ பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930. அதில் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு, பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்த வாய்ப்பு உண்டு. புகாரை எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம், எல்லை எங்களுடையது இல்லை என்று திருப்பி அனுப்ப முடியாது. முதல் தகவல் அறிக்கையின் பிரதியை இலவசமாகப் பெறுவது உங்கள் உரிமை. தெரு முனைக் கடையின் கேமராப் பதிவு சில நாளில் அழிந்துவிடும் என்பதால் அன்றைக்கே போய்க் கேட்க வேண்டும். அத்தை இரண்டு வாரம் பேசாமல் இருந்ததில் நாங்கள் இழந்தது அதைத்தான். நாங்கள் போய்க் கேட்டபோது அந்த நாளின் பதிவே இல்லை.

அவர் ஏன் சொல்லவில்லை என்பதை நான் நிறைய யோசித்தேன். ‘உங்களால தனியா இருக்க முடியாது, கிளம்பி வாங்க’ என்று பிள்ளைகள் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் அது. ஒருமுறை ஏமாந்ததற்காகச் சொந்த வீட்டையும் தெருவையும் இழக்க வேண்டிவருமோ என்ற பயம். அதனால் வீட்டில் பெரியவர்கள் இப்படி ஏதாவது சொன்னால், முதல் கேள்வியாக ‘ஏன் கதவைத் திறந்தீங்க?’ என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்டால் அடுத்த முறை சொல்ல மாட்டார்கள். மூத்த குடிமக்களுக்கென்று 14567 என்ற உதவி எண் இருக்கிறது. பிள்ளைகளிடம் சொல்லத் தயங்குகிறவர்கள் அங்கேயாவது பேசலாம்.

போன மாதம் நான் அத்தை வீட்டில் இருந்தபோது மீட்டரில் ஏதோ பழுது என்று ஈபியிலிருந்து ஒருவர் வந்தார். அத்தை பூட்டைத் திறக்கவில்லை. சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்து எண்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பேசினார், பத்து நிமிடம் ஆனது. வந்தவர் வேப்பமர நிழலில் பைக் மேல் உட்கார்ந்திருந்தார். ஆமாம், ஆள் அனுப்பியிருக்கிறோம் என்று பதில் வந்ததும் வராண்டாக் கதவை மட்டும் திறந்துவிட்டு, வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். வேலை முடிந்து அவர் வெளியே போய்க் கிரில் கதவு மறுபடி பூட்டப்பட்ட பிறகு, "தம்பி, ஒரு நிமிசம் இருப்பா" என்று உள்ளே போனார். கம்பி இடுக்கு வழியாக ஒரு டம்ளர் மோரை நீட்டினார்.